கப்பலுக்கு எழுதக்கூடாத வாக்கியம்

ரோட்டர்டாம்,
14 அக்டோபர் 1978

டீச்சர் உரானியா மிஹாலுவுக்கு,

நான் ப்ளூமியின் அப்பா லெயோனிஸ். ‘மிர்சினி’ கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். உங்களை நான் பார்த்ததில்லை. நான் கிளம்பி வந்த பிறகுதான் எங்கள் ஊர் கர்தாமிலாவில் பேக்கரி மாடியில் ஆங்கில டியூஷன் ஆரம்பித்தீர்கள், எதிர்த் தீவுக்காரர், மாலுமி வீட்டுப் பெண் என்று என் மனைவி எழுதியிருந்தாள். முதல் கடிதத்தில் நலம் விசாரிப்பதுதான் முறை. எனக்கு இப்போது முறையெல்லாம் வராது, வயிறு எரிகிறது.

என் மகள் வீட்டுப்பாடத் தாள் ஒன்றை எனக்கு அனுப்பியிருக்கிறாள். ‘என் வீடு: கூட்டு வாக்கியங்கள்’ என்று தலைப்பு. ஓரத்தில், “அப்பா, டீச்சர் பத்துக்குப் பத்து போட்டாங்க, பாருங்க” என்று எழுதி ஒரு கப்பலும் வரைந்திருக்கிறாள். என் ஆங்கிலம் இன்ஜின் அறை ஆங்கிலம். வால்வு, பம்பு, தீ, ஓடு, அதோடு சரி. அதனால் மெஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் மார்கோனியிடம், அதுதான் ரேடியோ ஆபீசரிடம், கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். பெருமைதான், வேறென்ன. மகள் ஆங்கிலம் எழுதுகிறாள், நாலு பேர் கேட்கட்டுமே என்று.

அவன் படித்தான். “அப்பா கப்பலில் இருக்கிறார், இஸிதோரோஸ் மாமா எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார்.” நடுவில் ஓர் ‘அண்ட்’. அடுத்தது: “அம்மா மெலிந்துவிட்டாள், ஆனால் இஸிதோரோஸ் மாமா இரண்டு தட்டு சாப்பிடுகிறார்.” அதற்கு அடுத்தது: “எங்கள் ரேடியோ பாடுவதில்லை, அதனால் நான் இஸிதோரோஸ் மாமா வீட்டுக்குப் போய்ப் பாட்டுக் கேட்கிறேன்.”

சமையல்காரன் ஸ்தாவ்ரினோஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். “யாருப்பா அந்த இஸிதோரோஸ்? சாப்பாட்டு ராமனா இருக்கானே! நம்ம லெயோனிஸ் இங்க காஞ்ச ரொட்டி கடிக்கிறான், அங்க ஒருத்தன் ரெண்டு தட்டு அடிக்கிறான்” என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கீழே போய் ஸ்பானரை எடுத்துச் சுவரில் எறிந்தேன்.

அந்த இஸிதோரோஸ் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு முன்னால் என் மனைவி அங்கெருவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியவன். ஊருக்கே தெரிந்த கதை. அவன் என் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், என் மகள் அதற்கு ‘அண்ட்’ போடுகிறாள், நீங்கள் அதன் கீழே சிவப்பு மையில் பத்துக்குப் பத்து போடுகிறீர்கள். என் மானம் போனதற்கு மதிப்பெண்ணா? ரேடியோ பாடவில்லையாம்! யோகோஹாமாவில் நான் வாங்கிக் கொடுத்த ரேடியோ. என் ஆயுளுக்கும் கெடாது.

கீழ் அறையில் என் அப்பா இருக்கிறார். பந்தெலிஸ் என்றால் அந்தத் துறைமுகமே எழுந்து நிற்கும். அவர் கைத்தடி என்ன செய்துகொண்டிருக்கிறது? நான் கேட்டதாக அவரிடமே போய்க் கேளுங்கள்.

அங்கெருவுக்கு எழுதிவிட்டேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ப்ளூமி உங்கள் வகுப்புக்கு வர மாட்டாள். ஜூன் மாத ஆங்கிலத் தேர்வும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

லெயோனிஸ் மோனியோதிஸ்


கர்தாமிலா,
30 அக்டோபர் 1978

லெயோனிஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வயிறு உங்களுக்கு மட்டும் எரிவதாக நினைக்க வேண்டாம்.

நான் வாக்கியத்துக்கு மதிப்பெண் போடுகிறேன், குடும்பத்துக்குப் போடுவதில்லை. கூட்டு வாக்கியத்தை நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன் தெரியுமா? இரண்டு பிள்ளைகளை முன்னால் வந்து நிற்கச் சொல்வேன். ஒவ்வொருவரும் ஒரு முழு வாக்கியம். நடுவில் ஒருவன் வந்து இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொள்வான்; அவன்தான் ‘அண்ட்’, அல்லது ‘பட்’, அல்லது ‘ஸோ’. அவன் கையை விட்டாலும் இரண்டு பேரும் விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் அது கூட்டு வாக்கியம் இல்லை, போய் உட்கார். இவ்வளவுதான் பாடம். ‘அண்ட்’ கை கோர்க்கும், அவ்வளவே. அதைக் கட்டிப்பிடித்ததாக ஆக்கியது உங்கள் மெஸ்.

நீங்கள் கப்பலில் இருப்பது உண்மை. இஸிதோரோஸ் உங்கள் வீட்டில் சாப்பிடுவதும் உண்மை. உங்கள் மகள் இரண்டு உண்மைகளைப் பிழையில்லாமல் சேர்த்திருக்கிறாள். வகுப்பில் பாதிப் பேர், பெரிய வீட்டுப் பையன்கள் உட்பட, “என் வீடு பெரியது, அண்ட் என் வீடு வெள்ளை” என்று எழுதினார்கள். அவர்கள் அப்பாக்களெல்லாம் நிம்மதியாகத் தூங்குவார்கள். பிள்ளை தன் கண்ணால் பார்த்ததை எழுதினால்தான் அப்பாவுக்குத் தூக்கம் போகிறது.

இஸிதோரோஸ் உங்கள் மேஜையில் சாப்பிடுவது நியாயம். உங்கள் மனைவி அவருக்குத் தட்டு வைக்காமல் இருந்தால்தான் நான் அவரைக் கேள்வி கேட்பேன். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. முடியாது என்பதுதான் சரியான சொல். இஷ்டமில்லை என்று படித்துவிடாதீர்கள்.

உங்கள் அப்பாவிடம் கேட்கச் சொன்னீர்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. வீட்டில் கேளுங்கள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

ப்ளூமிக்கு ஏன் இந்தத் தேர்வு என்று நீங்கள் அவளைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. நான் கேட்டேன். “நான் மார்கோனி ஆவேன் டீச்சர். அப்பா கப்பல எங்க இருந்தாலும் கூப்பிட்டுப் பேசுவேன்” என்றாள். “பொண்ணுங்கள எடுப்பாங்களாடி?” என்று பின்பெஞ்சுப் பையன் கேலி செய்தான். “எடுக்கலன்னா அவங்களுக்குத்தான் நஷ்டம்” என்றாள். இந்தப் பெண்ணைத்தான் ஒரு ‘அண்ட்’டுக்காக வீட்டில் உட்கார வைக்கப் போகிறீர்கள். நேற்று அங்கெரு வந்து, கிறிஸ்துமஸோடு நிறுத்தச் சொல்லி உத்தரவு என்று சொல்லிவிட்டுப் போனார். உத்தரவு! இன்ஜினுக்குப் போடுங்கள் உத்தரவை.

உரானியா மிஹாலு


சாந்தோஸ்,
2 டிசம்பர் 1978

டீச்சருக்கு,

நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். மார்கோனியிடம் இந்த முறை கொடுக்கவில்லை. கேபின் கதவைச் சாத்திக்கொண்டு நானே படித்தேன். முழுக்கப் படித்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. ‘நியாயம்’ என்கிறீர்கள், ஏன் நியாயம் என்று சொல்ல முடியாது என்கிறீர்கள். இது என்ன பேச்சு? பாய்லர் வெடிக்கப்போவது தெரிந்தும், “ஏதோ சத்தம் கேட்கிறது, நீங்களே போய்ப் பாருங்கள்” என்று சொல்கிறவனைக் கப்பலில் வைத்துக்கொள்ள மாட்டோம்.

வீட்டில் கேட்டேன். நீங்கள் சொன்னபடி திரும்பவும் கேட்டேன். அங்கெருவின் பதில் வந்திருக்கிறது. “எல்லாரும் நல்லா இருக்கோம். இஸிதோரோஸ் சில்லறை வேலைக்கு உதவி பண்றாரு, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.” என்ன சில்லறை வேலை? கதவுக் கீல் மாட்டவா, கழுதை மேய்க்கவா? அது ஒன்றுதான் எழுதவில்லை. மற்றதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. அப்பா மீன் சூப் குடித்தாராம். உப்பு இல்லை என்று கிண்ணத்தைத் தள்ளினாராம். “பாதிரியார் தாடிய வெட்டினா ஒரு மெத்தைக்குப் பஞ்சு தேறும்” என்று சொல்லிச் சிரித்தாராம். அதைப் படித்தபோது மட்டும் கோபத்திலும் சிரித்துவிட்டேன். அசல் அவர்தான்.

ஆனால் அந்த மனுஷன், மருமகள் மேஜையில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சூப்புக்கு உப்பு கேட்கிறார் என்றால் என்னால் நம்ப முடியவில்லை. ஒன்று அவருக்கு வயதாகிவிட்டது, இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்து எனக்குக் காது குத்துகிறீர்கள். நீங்களும்தான்.

முடிவு செய்துவிட்டேன். ஈஸ்டர் முடிந்ததும் ப்ளூமியை பிரேயஸில் என் அக்காவிடம் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன். அக்கா சட்டை தைக்கிற இடத்தில் அவளும் தைக்கட்டும். கண்டவன் வீட்டில் ரேடியோ கேட்டு வளர வேண்டாம். மார்கோனியாம்! அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன், மறைக்கவில்லை. இருந்தாலும் முடிவு முடிவுதான்.

அப்பாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், உங்களுக்கு அந்த வழியாகப் போகிற வேலை இருந்தால். ரோட்டர்டாமில் அவருக்குக் கம்பளி வைத்த செருப்பு வாங்கி வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் கால் மரத்துப்போகிறது என்பார். பார்சலில் போட்டால் தொலைப்பார்கள். நானே வந்து காலில் மாட்டிவிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

அடுத்து டர்பன் போகிறோம். எழுதுவதானால் அங்கே ஏஜெண்டுக்கு எழுதுங்கள். நேராக எழுத முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

லெயோனிஸ்


கர்தாமிலா,
19 டிசம்பர் 1978

லெயோனிஸ் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கேப்டனே உங்களிடம் கொடுத்திருப்பார். அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுதியிருக்கிறேன், நீங்கள் வேலையில் இல்லாத நேரத்தில் கொடுக்கும்படியும், சீஃப் இன்ஜினியரைப் பக்கத்தில் உட்கார வைக்கும்படியும். அவரை அனுப்பிவிடாதீர்கள்.

செருப்பைப் பற்றி நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். அந்த வரியைப் படித்த பிறகு என்னால் ஆகவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. என் அப்பா நீண்ட பயணம் முடிந்து வருகிறார் என்று எங்கள் தீவுத் துறைமுகத்தில் எல்லோரும் நின்றோம். படகிலிருந்து இறங்கும்போது அவர் தோளில் ஒரு ஜோடி கால்பந்து பூட்ஸ், கயிற்றில் கோத்துத் தொங்கியது. என் தம்பி வாஸோஸுக்கு. தம்பி செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் கூட்டத்தில் தேடுகிறார். “எங்கடி உன் தம்பி? கோபமா? ஒளிஞ்சிருக்கானா?” என்று என்னைக் கேட்கிறார். அம்மாவைப் பார்த்தேன், பாதிரியாரைப் பார்த்தேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாக் கடிதத்திலும் தம்பி பள்ளிக்கூடம் போனான், பல் விழுந்தது, புதுப் பல் முளைத்தது என்று எழுதி வந்தவர்கள்! கடைசியில் நான்தான் சொன்னேன். பெரியவர்கள் அத்தனை பேர் நிற்க, ஒன்பது வயதுப் பெண் சொன்னேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

கடலில் இருக்கிறவனுக்குக் கெட்ட சேதி எழுதக் கூடாது. உங்கள் ஊர் வழக்கம், என் ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியாததில்லை. அந்த வழக்கத்தை நான் இப்போது மீறுகிறேன்.

உங்கள் அப்பா இறந்துவிட்டார். ஆகஸ்ட் மாதம், மாதாவின் பெருநாள் முடிந்த இரண்டாம் நாள் காலையில். அதற்கு வெகு முன்னால், ஈஸ்டர் நோன்பின்போதே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அன்று முதல் படுக்கைதான். அவர் எவ்வளவு பெரிய உடம்பு என்று உங்களுக்குத் தெரியும். அங்கெருவால் அவரைப் புரட்டக்கூட முடியவில்லை. இஸிதோரோஸ்தான் காலையும் மாலையும் வந்து தூக்கினார். குளிப்பாட்டினார். சவரம் செய்தார். வெயில் ஏறுவதற்குள் நாற்காலியோடு வாசலுக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கப்பல் பார்க்க உட்கார வைத்தார். கூலி என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாராம். அதனால் அங்கெரு தட்டு வைத்தார். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் முன்னால் நின்றவர் அவர். மகன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். இப்போதும் ஞாயிறு தோறும் அந்தத் தட்டு வைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

ரேடியோ கெடவில்லை. துக்க வீட்டில் யார் ரேடியோ பாட வைப்பார்கள்? கப்பல்காரர்களுக்கான நிகழ்ச்சி ஒலிபரப்பாகும் நேரத்தில் பிள்ளை இஸிதோரோஸின் அம்மாவோடு உட்கார்ந்து கேட்கிறாள், உங்கள் கப்பல் பெயர் வருமா என்று.

உங்கள் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு என் மேஜைக்கு வந்தாள். “டீச்சர், அப்பா லெட்டர்ல ‘தாத்தா நல்லா இருக்காரு’ன்னு எழுதச் சொல்றாங்க. கிரேக்கத்துல எழுதிட்டேன். இங்கிலீஷ்லயும் எழுதணுமா?” என்றாள். “எழுத வேண்டாம்” என்றேன். “அப்ப இங்கிலீஷ்ல நெஜத்தை மட்டும் எழுதலாமா?” என்றாள். தலையாட்டினேன். அடுத்த வாரம்தான் அந்த வீட்டுப்பாடம் கொடுத்தேன். தாள் உங்களிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அம்மா இருக்கிறாள், பூனை இருக்கிறது, கழுதை இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது. தாத்தா எங்கே? அவள் யாரைச் சேர்த்தாள் என்று பார்த்துக் கொதித்தீர்கள். யாரை விட்டாள் என்று ஒரு தடவையாவது தேடினீர்களா?

அதற்குத்தான் பத்துக்குப் பத்து போட்டேன். இப்போது வேண்டுமானால் கோபப்படுங்கள். சரியான ஆளைப் பார்த்துக் கோபப்படுங்கள்.

ப்ளூமியின் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை.

உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன்.

உரானியா


கர்தாமிலா,
11 பிப்ரவரி 1979

லெயோனிஸ் அவர்களுக்கு,

பதில் இல்லை. யோகோஹாமா ஏஜெண்ட் முகவரியைக் கேப்டனின் மனைவியிடம் கெஞ்சி வாங்கி எழுதுகிறேன். அவரும் வாசலில் நிற்க வைத்துத்தான் கொடுத்தார்.

டர்பனிலிருந்து கேப்டன் தன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். “லெட்டர் படிச்சான், மடிச்சுப் பையில வெச்சான், வேலைக்கு எறங்கிப் போயிட்டான்” என்றாராம். அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் என் வகுப்பில் பாதி நாற்காலி காலி. பேக்கரிக்காரர் மாடிப்படியில் என்னைப் பார்த்தால் மாவு சலிப்பதில் மும்முரமாகிவிடுகிறார். நான் வெடிகுண்டா வீசினேன்? செத்தவரைச் செத்தவர் என்று எழுதினேன்.

அங்கெரு வந்தார். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். உங்களிடம் அவரே சொல்ல மாட்டார்.

“நீ யாரு டீச்சர்? என் வீட்டுச் சாவைச் சொல்ல நீ யாரு? அவரு எஞ்சின் பக்கத்துல நிக்கிற மனுஷன். மனசு ஒரு நிமிஷம் எங்கயோ போனா கை போயிடும், தலை போயிடும். அப்ப நீ வந்து சோறு போடுவியா? நான் ஆசைப்பட்டா பொய் எழுதினேன்? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த மேஜையில ஒக்காந்து செத்த மனுஷனைப் பேச வெச்சேன். இன்னிக்கு என்ன சொல்லியிருப்பாரு, யாரைத் திட்டியிருப்பாருன்னு யோசிச்சு யோசிச்சு எழுதினேன். எழுதி முடிச்சு அடுப்பங்கரையில போய் அழுவேன். உனக்குத் தெரியுமா அது? புருஷன் சந்தேகப்படறான்னு தெரிஞ்சும் வாயைத் தெறக்கல. தெறந்தா அவரு செத்துடுவாருன்னு பயந்தேன். நீ ஒரே லெட்டர்ல எல்லாத்தையும் போட்டு ஒடச்சிட்ட.”

பாடத்தை அதோடு நிறுத்திப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் அந்தப் பெண் தன் நல்ல பெயரைப் பணயம் வைத்து உங்களைக் காப்பாற்றினார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் அவரை என்ன நினைத்து எழுதினீர்கள் என்பதும் உங்களுக்கு உறைக்கட்டும்.

ப்ளூமி வகுப்புக்கு வருவதில்லை. உங்கள் பழைய உத்தரவு அப்படியே இருக்கிறது, அதை அங்கெரு மாற்றப்போவதில்லை, என் மேல் இருக்கிற கோபத்தில் மாற்றவும் மாட்டார். ஈஸ்டர் முடிந்ததும் பிரேயஸ் படகு. துணிப்பெட்டி எடுத்து வைத்தாகிவிட்டதாம். நேற்று மீன் கடை அருகே அவளைப் பார்த்தேன். அம்மா பார்க்காத நேரத்தில் என் பக்கம் திரும்பி, “டீச்சர், அப்பா கோவமா இருக்காரா, இல்ல...” என்றாள். இல்ல என்பதற்கு அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பாதி இல்லாத வாக்கியத்தை அவள் என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை.

எனக்கு உங்கள் நன்றி வேண்டாம். திட்டுங்கள், நாலு பக்கம் திட்டுங்கள். உயிரோடு இருக்கிறேன் என்று அவளுக்காவது ஒரு வரி எழுதுங்கள். இவ்வளவு ரோஷம் பேசின மனிதருக்கு ஒரு தபால்தலை ஒட்டக் கை வரவில்லையா?

உரானியா


யோகோஹாமா,
20 மார்ச் 1979

டீச்சர் உரானியாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கை இரண்டும் இருக்கின்றன. அங்கெருவிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

நன்றி சொல்ல மாட்டேன். நீங்களும் கேட்கவில்லை, நல்லது. சீஃப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். படித்து முடித்து மடித்துப் பையில் வைத்தேன். “என்னப்பா?” என்றார். “ஒண்ணுமில்ல, அப்பா செத்துட்டாரு” என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது, ஒண்ணுமில்ல என்று. பிறகு வேலைக்கு இறங்கினேன். ஒரு வால்வைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடினேன். சீஃப் பின்னாலேயே வந்திருந்தார், கையைப் பிடித்துக்கொண்டார். அங்கெரு பயந்தது வெறும் பயம் இல்லை. இதையும் அவளிடம் சொல்லுங்கள், அவள் சொன்னது சரி என்று நான் ஒப்புக்கொண்டதாக. அதற்காகப் பொய் சரியாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு எது பொறுக்கவில்லை தெரியுமா? இறந்தார், அது எல்லா மகனுக்கும் நடப்பது. ஆனால் ஆகஸ்டிலிருந்து நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? உப்பு இல்லை என்று கிண்ணத்தைத் தள்ளினது யார்? பாதிரியார் தாடியைக் கேலி செய்தது யார்? சாந்தோஸில் அதைப் படித்துச் சிரித்தேனே! ஊரே கூடி எனக்கு அப்பா வேஷம் போட்டுக் காட்டியிருக்கிறது. பாதிரியாரும் உடந்தை, தன் தாடியைக் கேலி செய்து எழுத அவரே அனுமதி கொடுத்திருப்பார். ஊர் மொத்தத்தின் மேலும் எனக்குக் கோபம். கரையில் இருக்கிறவர்கள் எல்லாம் தெரிந்த மனுஷர்கள், நாங்கள் மட்டும் தொட்டில் பிள்ளைகளா? புயலில் கப்பலை ஓட்டத் தெரிந்தவனுக்கு அப்பன் சாவைத் தாங்கத் தெரியாதா?

இப்போது மெஸ்ஸில் தபால் பிரிக்கும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஒவ்வொருவன் முகமாகப் பார்க்கிறேன். ஸ்தாவ்ரினோஸ் தன் அம்மா எழுதச் சொன்னதாக வந்த கடிதத்தைச் சத்தமாகப் படிக்கிறான், சிரிக்கிறான். அந்த அம்மா இருக்கிறாளா? எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

அந்தத் தாளை எடுத்துத் திரும்பப் படித்தேன். மார்கோனி இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக. பூனை இருக்கிறது, கழுதை இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளை என்னிடம் பொய் சொல்ல மறுத்திருக்கிறாள், நான் அவளைச் சட்டை தைக்க அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்குத் தந்தி அடித்துவிட்டேன். ப்ளூமி எங்கேயும் போகவில்லை. அங்கெருவுக்குத் தனிக் கடிதம் இதே தபாலில் வருகிறது. அதில் என்ன எழுதினேன் என்பது உங்களுக்கு வேண்டாம். எழுதி முடிக்க இந்தியப் பெருங்கடல் முழுவதும் தேவைப்பட்டது. இந்தக் கடிதம் வந்த அடுத்த திங்கட்கிழமை முதல் ப்ளூமி உங்கள் வகுப்புக்கு வருவாள். வராமல் போனால் உங்களோடு சண்டைக்கு வருவேன், அங்கெருவோடு இல்லை. மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் எந்தெந்தக் கப்பலில் இருக்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்த வேண்டாம் என்று நான் எழுதுகிறேன்.

செருப்பு இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. தொலைத்தால் தொலைக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

கடைசியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். ப்ளூமியிடம் கொடுங்கள். ஆங்கிலத்தில் நானே எழுதியது, ஒருவரிடமும் கேட்கவில்லை. பிழை நிறைய இருக்கும். சிவப்பு மையில் திருத்தி மதிப்பெண் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அப்பா என்று பார்த்துக் கூட்டிப் போட வேண்டாம். தாளில் இருப்பது இது:

“என் அப்பா ஆகஸ்டில் இறந்தார், நான் கடலில் இருந்தேன்.

நான் அவருக்குச் செருப்பு வாங்கினேன், ஆனால் அதை இஸிதோரோஸ் போட்டுக்கொள்ள வேண்டும்.

என் மகள் உண்மையை எழுதினாள், அதனால் நான் அழுதேன்.

நான் கப்பலில் இருக்கிறேன், இஸிதோரோஸ் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார்.”

லெயோனிஸ்